மீட்டர் காட்டாத கிருமி

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். காவேரித் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் ஒரே சம்ப்பில்தான் (நிலத்தடித் தொட்டி) விழுகின்றன. ஒரே மாதத்தில் மகனுக்கும் மாமியாருக்கும் டைபாய்டு வந்துவிட்டது. டேங்கர்காரரோ மீட்டரை வைத்துப் பார்த்து, "டி.டி.எஸ். சரியாக இருக்கிறது" என்கிறார். தண்ணீரை எப்படிச் சோதிப்பது?

பதில்: அந்த மீட்டர் கரைந்த உப்புகளின் அளவை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. டைபாய்டுக் கிருமியான சால்மோனெல்லா டைபி மனித உடலில் மட்டுமே வாழ்வது என்பதால், நோயாளியின் மலமோ, குணமான பின்னும் கிருமியைச் சுமப்பவரின் மலமோ தண்ணீரிலோ உணவிலோ கலந்தால்தான் அது அடுத்தவரை எட்டுகிறது. கிருமி புகுந்து காய்ச்சல் தெரியப் பெரும்பாலும் 1 முதல் 2 வாரம் ஆகும். இருவருக்கும் ஓரிரு நாள் இடைவெளியில் காய்ச்சல் கண்டிருந்தால் பொதுவான தண்ணீரையோ உணவையோ சந்தேகிக்கலாம்; இரண்டு வாரம் கழித்து வந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே கைவழி பரவியிருக்கவும் கூடும்.

ஆய்வகத்தில் டைபாய்டுக் கிருமியை நேரடியாகத் தேடமாட்டார்கள். அது தண்ணீரில் மிகக் குறைவாக, விட்டுவிட்டே இருக்கும். அதற்குப் பதில், மலத்தில் ஏராளமாக உள்ள ஈ.கோலை என்ற பாக்டீரியாவைத் தேடுவார்கள்; அது இருந்தால் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். 100 மி.லி. குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். சம்ப்பிலிருந்தும் சமையலறைக் குழாயிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்தால்தான் கோளாறு எங்கே என்று புலப்படும். பழைய மினரல் வாட்டர் பாட்டில் உதவாது. ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலையே கேட்டு வாங்குங்கள். அதன் அடியில் தெரியும் சிறிது மருந்து, குளோரினை முறிப்பதற்காக இடப்பட்டது, கழுவிவிடாதீர்கள். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, பனிக்கட்டி வைத்த பெட்டியில் அன்றே கொண்டு சேர்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இருவருக்கும் எந்தச் சோதனையில் டைபாய்டு என்றார்கள் என்பதையும் பாருங்கள். ரத்தத்தில் கிருமிக்கான எதிர்ப்புப் பொருளைத் தேடும் விடால் சோதனை, முன்பு வந்த தொற்றாலும் தடுப்பூசியாலும்கூடப் 'பாசிட்டிவ்' காட்டும். அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்த ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே உறுதியானது, எந்த மருந்து கேட்கும் என்பதும் அதில்தான் தெரியும். மாமியார் சமையல் செய்பவர் என்றால், சிகிச்சை முடிந்த பின் அவருக்கு மலப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பித்தப்பையில் கிருமி தங்கிவிடுவது வயதான பெண்களிடம் சற்று அதிகம்.