ஆறு கடல் மைலுக்குள் யாருடைய சொல் செல்லும்?

தம்பி, நாகப்பட்டினத்துக் கடலோரக் குடும்பத்திலிருந்து வந்து, இங்கிலாந்தின் தென்கரையில் சசெக்ஸ் பகுதியிலுள்ள வொர்திங்கில் முதியோர் இல்லத்தில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். கரையோரமாக இழுவை வலைப் படகு ஒன்றையும் காணவில்லையே, யார் தடுத்தது? இங்கே மீன்வளத் துறை என்று ஏதாவது இருக்கிறதா? இரண்டு நண்டுக் கூடு போட யாரிடம் கேட்க வேண்டும்? இவைதான் உங்கள் கேள்விகள். சசெக்ஸ் கரையில் பல காலமாக வசிப்பவள், இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனித்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் கரையிலிருந்து 6 கடல் மைல் வரை கடலைப் பார்த்துக்கொள்வது கரையோர மீன்வளம் மற்றும் பாதுகாப்பு ஆணையம். எல்லோரும் இஃப்கா என்றே சொல்வார்கள். 2009ஆம் ஆண்டின் கடல் மற்றும் கடற்கரை அணுகல் சட்டத்தால் பிறந்தது. 2011 ஏப்ரலில் முழுப் பொறுப்பை ஏற்றது. அதற்கு முன் 1888ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த கடல் மீன்பிடிக் குழுக்கள் இருந்தன. இப்போது நார்தம்பர்லாந்து முதல் சில்லித் தீவுகள் வரை 10 மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஆணையம். நமக்குரியது சசெக்ஸ் இஃப்கா. அலுவலகம் ஷோரமில் இருக்கிறது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் இந்த ஏற்பாடு கிடையாது, அங்கே அரசே நேரடியாக நடத்துகிறது. 6 மைலுக்கு அப்பால் கடல் மேலாண்மை நிறுவனம் என்ற தேசிய அமைப்பு பொறுப்பு. ஆற்றுக்கும் கடலுக்கும் போய்வரும் சால்மன் போன்ற மீன்கள் மட்டும் சுற்றுச்சூழல் முகமையின் கையில்.

நம் ஊரில் சென்னையிலிருந்து ஆணை வரும், உதவி இயக்குநர் வந்து சொல்வார். இங்கே முடிவெடுப்பது அதிகாரி அல்ல, ஒரு குழு. அதில் மூன்று வகையானவர்கள் அமர்கிறார்கள். முதலாவது கவுன்சிலர்கள்: சசெக்ஸில் கிழக்கு சசெக்ஸ், மேற்கு சசெக்ஸ், பிரைட்டன் அண்ட் ஹோவ் ஆகிய மூன்று கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள், அனுப்புபவர்கள். இரண்டாவது, கடல் மேலாண்மை நிறுவனம் நியமிக்கும் பொது உறுப்பினர்கள். மீனவச் சமூகத்தின் தேவைகளும் கருத்துகளும் தெரிந்தவர்களும், கடல் சூழலைப் பற்றிய அறிவு உள்ளவர்களும் இதில் வருவார்கள். படகு வைத்திருப்பவர், தூண்டில்காரர், கடலாய்வாளர் எல்லோரும் இருக்கலாம். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மூன்றாவது, கடல் மேலாண்மை நிறுவனம், சுற்றுச்சூழல் முகமை, இயற்கைப் பாதுகாப்பைக் கவனிக்கும் நேச்சுரல் இங்கிலாந்து ஆகியவை அனுப்பும் ஆளுக்கொரு பிரதிநிதி. தலைமை அதிகாரியும் ரோந்துப் படகில் வரும் அதிகாரிகளும் இந்தக் குழுவின் ஊழியர்கள். படகில் ஏறிச் சோதிக்கவும் வலையைக் கைப்பற்றவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எந்த வலை கூடாது என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் இதன் பிடி எங்கே இருக்கிறது என்று புரியும். பெரும்பகுதி அந்தந்தக் கவுன்சில்கள் கட்டும் பங்கு. ஆண்டுக்கு எவ்வளவு என்பதைக் குழு தீர்மானித்தாலும், அந்தத் தொகையைக் கவுன்சிலர் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் சேர்ந்து மறுத்துவிட முடியும். பள்ளிக்கூடத்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பணம் போதவில்லை என்று திணறும் கவுன்சில்தான் ரோந்துப் படகுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது நல்ல ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. கடலுக்கான செலவை நாட்டின் கருவூலம் உறுதியாக ஏற்க வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. சசெக்ஸ் கடலடியில் ஒரு காலத்தில் கெல்ப் என்ற பழுப்புப் பாசி காடுபோல வளர்ந்திருந்தது. 1987 அக்டோபர் பெரும்புயல் அதைப் பெயர்த்துப் போட்டது. பிறகு தலையெடுக்கவிடாமல் இழுவை மடி அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தது, வண்டலும் சேர்ந்துகொண்டது. 1987இலிருந்து 96 விழுக்காடு போய்விட்டது என்பது கணக்கு. ஆணையம் ஒரு துணைவிதி (தன் பகுதிக்கு மட்டும் செல்லும் சட்டவிதி) இயற்றி, 300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் இழுவை மடியைத் தடுத்தது. செல்சிக்கும் ஷோரமுக்கும் இடையில் கரையிலிருந்து 4 கிலோமீட்டர் வரை அந்தத் தடை நீள்கிறது. நீங்கள் நின்று பார்த்த கடல் அதற்குள் வருகிறது. துணைவிதியின் பெயரில் 2019 என்று இருக்கிறது. நடைமுறைக்கு வந்தது 2021 மார்ச்சில். ஏன் அத்தனை காலம்? குழு வாக்களித்தால் மட்டும் போதாது. விளம்பரம் செய்து, ஆட்சேபணைகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, கடல் மேலாண்மை நிறுவனம் சரிபார்த்து, கடைசியில் அமைச்சர் கையெழுத்திட வேண்டும். அவசரமென்றால் ஓராண்டுக்கு மேற்படாத அவசரத் துணைவிதி போடலாம். மீறினால் வழக்கு வரலாம், நீதிமன்றம் விதிக்கும் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது.

இந்தத் தாமதத்தைப் பார்த்து எனக்கும் பொறுமை போனதுண்டு. சுருக்கு மடிப் பிரச்சினை வந்தால் நம் ஊர்ப் பஞ்சாயத்து அன்றிரவே கூடி, விடிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கூட்டத்தில் என் அம்மாவுக்கு இடமில்லை. கரையில் மீனை ஏலம் எடுத்து, தலையில் சுமந்து விற்று, வீட்டை நடத்தியவர் அவர்தான். இங்கே குழு சில மாதங்களுக்கு ஒருமுறை கூடும்போது கதவு திறந்தே இருக்கிறது. முன்கூட்டியே ஆவணங்களை வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். வழக்கு போன்ற இரகசியம் காக்க வேண்டிய விஷயங்களுக்கு மட்டும் நம்மை வெளியே அனுப்புவார்கள். நான் போயிருந்த ஒரு கூட்டத்தில், ஒரு பொருள் விவாதத்துக்கு வந்ததும் படகுக்காரரான உறுப்பினர் ஒருவர் எழுந்து, இதில் எனக்குப் பண நலன் இருக்கிறது என்று அறிவித்தார், அது பதிவேட்டில் ஏறியது. உறுப்பினர்கள் தங்கள் தொழிலுக்காகப் பேச வந்தவர்கள் அல்லர், மாவட்டம் முழுவதற்காகவும் முடிவெடுக்க வேண்டியவர்கள் என்பது விதி. அதே சமயம், சிறு படகில் தொழில் செய்பவர்களின் குரல் அந்த மேசையில் மெலிந்துதான் ஒலிக்கிறது. தடையால் பிழைப்பை இழந்தவரின் கோபத்தைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கூடு போடுவதைப் பற்றி: கரையிலிருந்து தூண்டில் போட இங்கிலாந்தில் உரிமம் தேவையில்லை. ஆனால் சூடை மீனுக்கு நாம் செய்வதுபோல அளவு பார்க்காமல் எடுத்துவரக் கூடாது. பாஸ் மீன் 42 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடலுக்கே. சசெக்ஸில் வீட்டுத் தேவைக்குக் கூடு போட ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும், 5 கூடுக்கு மேல் கூடாது. பிடித்ததை விற்கவே கூடாது. விற்கும் உரிமை உரிமம் பெற்ற படகுக்குத்தான். இங்கத்திய சிங்கி இறாலுக்கு நண்டைப் போலப் பெரிய கொடுக்கு இருக்கும். கண்குழியிலிருந்து முதுகோட்டின் முடிவுவரை 87 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வால் மடலைத் திருப்பிப் பாருங்கள்: அடியில் முட்டை ஒட்டியிருந்தால் விட்டுவிட வேண்டும். மடலில் முக்கோணமாக ஒரு வெட்டு இருந்தாலும் அப்படியே. இனவிருத்திக்காக யாரோ அடையாளமிட்டுக் கடலில் விட்ட தாய் அது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மட்டி பொறுக்க ஆள் வேண்டும், கையில் பணம் தருகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2004 பிப்ரவரி 5 அன்று மோர்கம் விரிகுடாவில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களில் 21 பேருக்குக் குறையாமல் ஏறிவந்த நீரில் மூழ்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் கூலிக்கு ஆள் பிடிப்பவர்களுக்கு உரிமம் கட்டாயமானது. இப்போது அந்தக் கரையில் மட்டி எடுக்க வடமேற்கு இஃப்காவின் அனுமதி வேண்டும். நம்மைப் போல விசாவில் வந்தவர்களைத்தான் இப்படிப்பட்ட ஆட்கள் தேடுவார்கள்.

ஷோரம் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், அனுமதிப் படிவத்தை அனுப்புவார்கள். புதிய துணைவிதிக்குக் கருத்துக் கேட்கும் அறிவிப்புகளும் உங்களுக்கு வரும்படி அதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்சேபிக்கவோ ஆதரிக்கவோ குடியுரிமை தேவையில்லை. இழுவை மடி ஓடிய பிறகு கடலடி எப்படி இருக்கும் என்று உங்கள் அப்பா சொன்னதை நீங்கள் அங்கே எழுதினால், அதையும் அவர்கள் படித்தாக வேண்டும்.