ஸ்பானிய மேலாளருக்குக் கடிதம்: செஞோராவா, செஞோரித்தாவா?

கேள்வி: மாட்ரிட்டில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு மேலாளருக்கு ஸ்பானிய மொழியில் மின்னஞ்சல் எழுத வேண்டும். பெயர் கார்மென் ருயிஸ் ஒர்தேகா (மாற்றப்பட்ட பெயர்). அவர் மணமானவரா, என்ன வயது என்று எதுவும் தெரியாது. பெயருக்கு முன்னால் மரியாதைச் சொல்லாக செஞோரா என்று போடுவதா, செஞோரித்தா என்பதா? தோஞா என்றும் சொல்கிறார்களே, அது எதற்கு?

பதில்: தயங்காமல் செஞோரா என்றே போடுங்கள். செஞோரித்தா ஒரு காலத்தில் நம் 'செல்வி' போல மணமாகாதவர்களுக்கு வழங்கியது. ஆணுக்கு மணமானாலும் ஆகாவிட்டாலும் செஞோர்தான். பெண்ணிடம் மட்டும் அதை ஏன் கேட்க வேண்டும் என்ற நியாயமான எதிர்ப்பால், ஸ்பெயினில் அலுவலகக் கடிதங்களிலிருந்து செஞோரித்தா ஏறக்குறைய மறைந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியையை அப்படிக் கூப்பிடுவது மட்டும் இன்னும் உண்டு. மெக்சிகோவில் கடைகளில் இளம்பெண்களை செஞோரித்தா என்பது சாதாரணம். ஆனால் அது பேச்சு, உங்களுடையது கடிதம்.

பலரும் தடுமாறுவது இங்கே அல்ல, பெயரில்தான். கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று நினைத்து 'செஞோரா ஒர்தேகா' என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்பானியர்களுக்குக் குடும்பப் பெயர் இரண்டு. வழக்கமாக முதலாவது தந்தை வழி, இரண்டாவது தாய் வழி. மரியாதைச் சொல்லுக்குப் பின்னால் ஒன்றை மட்டும் சொன்னால் முதலாவதைத்தான் சொல்ல வேண்டும். ஆகவே இவர் செஞோரா ருயிஸ். மணமானாலும் ஸ்பெயினில் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ருயிஸ் அவர் பிறந்த வீட்டுப் பெயர். நடுவில் ஒரு 'தே' சேர்த்து 'செஞோரா தே ருயிஸ்' என்று எழுதினால், ருயிஸ் என்பவரின் மனைவி என்று பொருள் மாறிவிடும். ஒரு மேலாளரை அப்படி விளிப்பது நிச்சயம் உறுத்தும்.

தோஞாவும் பெண்களுக்கான மரியாதைச் சொல்தான். ஆனால் எப்போதும் இட்ட பெயரோடுதான் வரும்: தோஞா கார்மென். 'தோஞா ருயிஸ்' என்பது பிழை. முறையான கடித உறையில் செஞோரா, தோஞா இரண்டின் சுருக்கத்தையும் முழுப் பெயருக்கு முன்னால் போடுவார்கள். உங்கள் மின்னஞ்சலுக்கு அது தேவையில்லை.

தொடக்கம் 'எஸ்திமாதா செஞோரா ருயிஸ்' என்று இருக்கட்டும். எஸ்திமாதா என்றால் 'மதிப்பிற்குரிய'. எஸ்திமாதோ என்றால் ஆண்பால், கவனம். இந்த விளிக்குப் பின் காற்புள்ளி போடாதீர்கள். ஸ்பானிய மரபு முக்காற்புள்ளி (:). செஞோராவில் வரும் ஒலி நம் 'ஞ' தான், ஆனால் எழுதும்போது 'n' எழுத்தின் மேல் அலைக்குறி (ñ) கட்டாயம். விசைப்பலகையில் அது கிடைக்காவிட்டால் எஸ், ஆர், ஏ என்று சுருக்கிப் புள்ளி வையுங்கள். முதல் எழுத்து பெரியது. விரித்து எழுதினால் வரியின் நடுவில் சிறிய எழுத்தே சரி. மூன்றாம் நபரிடம் அவரைப் பற்றிப் பேசும்போது 'லா செஞோரா ருயிஸ்'. நேரில் விளிக்கும்போது அந்த 'லா' வராது.

கடிதம் முழுக்க உஸ்தேத் என்ற மரியாதை முன்னிலையிலேயே எழுதுங்கள். ஸ்பெயினில் சீக்கிரமே நெருங்கிவிடுவார்கள். அவர் பதிலில் 'ஓலா' (வணக்கம்) என்று தொடங்கி, 'கார்மென்' என்று மட்டும் கையெழுத்திட்டு, உங்களை 'தூ' (நீ) என்றும் எழுதியிருந்தால், அடுத்த கடிதத்தில் நீங்களும் 'ஓலா, கார்மென்' என்றே தொடங்கலாம்.