கேளுங்க சொல்றோம்: பேரில்லாத படகோட்டி

கேள்வி: 1800கள்ல வரைஞ்ச பழைய வாட்டர்கலர் படங்கள்ல ‘கிரேக்கப் படகோட்டி’ன்னு மட்டும் போட்டிருக்கு, ஆளோட பேரைக் காணோம். அவ்வளவு நுணுக்கமா வரைஞ்சவங்க பேரை மட்டும் ஏன் விட்டாங்க? ஆயில் பெயின்ட்ல ஏன் வரையல? - வாசகர், கும்பகோணம்

பதில்: ஆயில் காய நாள்கணக்கா ஆகும், ஊர் ஊரா சுத்துறவருக்கு அது சரிப்படாது. வாட்டர்கலர்னா சின்னப் பெட்டியும் தண்ணியும் போதும், படகுத்துறையிலயே உக்காந்து முடிச்சிடலாம்.

பேர் இல்லாததுக்குக் காரணம் பெரும்பாலும் வியாபாரம்தாங்க. மால்டாக்கார ஓவியர் அமதேயோ ப்ரெசியோசி 1842ல இஸ்தான்புல் போனவர் 1882ல சாகுற வரைக்கும் அங்கயேதான் இருந்தாரு, அவர்கிட்ட படம் வாங்குன ஐரோப்பிய டூரிஸ்டுங்களுக்கு தண்ணி விக்கிறவர், படகோட்டின்னு தொழிலும் டிரெஸ்ஸும் தெரிஞ்சா போதும், அதனால ஒரே மாதிரி படத்தைத் திரும்பத் திரும்ப வரைஞ்சு குடுத்திருக்காரு. வாங்குறவங்க யாரும் பேரைக் கேக்கல, அதை நினைச்சா எனக்கு மனசு கஷ்டமாதான் இருக்கு. ஏன்னா வேற மாதிரி செஞ்சவரும் இருக்காரு. 1834ல அமெரிக்கப் பணக்காரர் ஜான் லோவெல் கூடப் பயணம் போன சுவிஸ் ஓவியர் சார்ல்ஸ் க்ளேர், ஸ்மிர்னாவுல (இன்னிக்கு துருக்கியில இருக்கிற இஸ்மிர்) வரைஞ்ச ஒரு பொண்ணோட வாட்டர்கலர் தூதோ நாரிகோஸ்ங்கிற அவங்க பேரோடயே இன்னிக்கும் பாஸ்டன் மியூசியத்துல இருக்கு. (அந்த லோவெல் 1836ல நம்ம பம்பாய்லதான் இறந்தாரு.)

பேர் போனாலும் தொழில் படத்துல அப்படியே இருக்கு, அதைப் பாருங்க. இஸ்தான்புல்ல ‘கயிக்’ங்கிற ஒல்லியான படகை ஓட்டுனவங்கள்ல துருக்கியர், கிரேக்கர், ஆர்மீனியர் எல்லாரும் உண்டு. உடம்புல மெல்லிசான வெள்ளைச் சட்டை, கை அகலமா இருக்கும், அந்த வெள்ளைக்கு பெயின்டே கிடையாது, பேப்பரை அப்படியே விட்டுட்டு மடிப்புல மட்டும் லேசா சாம்பல் கலர் ஓட்டியிருப்பாங்க. துடுப்போட பிடி பக்கம் பருத்து உருண்டையா இருக்கும், வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பாதியோட கனத்துக்கு அது ஈடு குடுக்கும், இல்லன்னா நாள் முழுக்கத் துடுப்பு வலிக்கிறவன் தோள் என்னத்துக்கு ஆகும்? துடுப்பை இரும்புல மாட்டாம, மரமுளையில தோல்வாரால கட்டி வச்சிருப்பாங்க.

இதையெல்லாம் வரைஞ்ச காலத்துலயே அவங்க பொழப்பு ஆட்டம் கண்டுடுச்சு. 1845ல இஸ்தான்புல்லோட கலாட்டாங்கிற பகுதியில மரப்பாலம் வந்துச்சு, 1850கள்ல அந்த ஊரை ஒட்டின பாஸ்பரஸ் ஜலசந்தியில கம்பெனி ஸ்டீமர் ஓட ஆரம்பிச்சுது, கயிக்ல போற கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் போயிடுச்சு.