தாலியம் ஸ்கேன்: எலி விஷத்தையா ஊசியில் ஏற்றுகிறார்கள்?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்றதும் டாக்டர் தாலியம் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தாலியம் எலி விஷம் என்று படித்தேன்; கதிரியக்கம் வேறு. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: நீங்கள் படித்தது சரிதான். ஒரு காலத்தில் பல நாடுகளில் எலிகளுக்கு வைத்தது தாலியம் சல்பேட். அம்மாவுக்குப் போடுவது அதே உலோகத்தின் குளோரைடு, தாலியம்-201 குளோரைடு. ஆனால் அளவைப் பாருங்கள். ஆளைக் கொல்ல அரை கிராம், ஒரு கிராம் வேண்டும். 2 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ஊசியில் இருப்பதோ சுமார் 10 நானோகிராம். ஒரு கிராமைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! தாலியம் குளோரைடு தண்ணீரில் லேசில் கரையாத உப்பு. இவ்வளவு கொஞ்சமாக இருப்பதால் ஊசி மருந்தில் முழுக்கக் கரைந்து அயனியாகவே நிற்கிறது.

அந்த அயனி பொட்டாசியத்தின் சாயல் கொண்டது. அளவும் மின்னூட்டமும் ஏறக்குறைய ஒன்றே. இதயத் தசை செல்கள் பொட்டாசியம் என்று நம்பி அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதிக அளவில் விஷமாவதும் இந்த ஆள்மாறாட்டத்தால்தான், ஸ்கேனுக்கு உதவுவதும் இதனால்தான். ரத்தம் சரியாகப் போகாத இடத்தில் தாலியம் குறைவாகச் சேரும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து மறுபடி படமெடுக்கும்போது அந்த இடம் நிரம்பியிருந்தால் தசை உயிரோடு இருக்கிறது. நிரம்பாவிட்டால் பழைய தழும்பாக இருக்கலாம். தாலியம்-201 சிதைந்து பாதரசமாகும். அதற்கும் பயம் வேண்டாம், அதுவும் அதே நானோகிராம் கணக்குதான்.

குழந்தை விஷயத்துக்கு வருவோம். தாலியம்-201-இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 73 மணி நேரம். பத்து நாளில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். முதல் சில நாள் பாட்டி குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம். எத்தனை நாள் என்பதை அணு மருத்துவப் பிரிவிலேயே கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: போடுவது நிஜமாகவே தாலியம்தானா? பழைய பெயரைச் சொல்லிவிட்டு டெக்னீஷியம்-99m என்ற வேறொரு கதிரியக்கப் பொருளைப் போடுவதும் உண்டு. அதன் அரை ஆயுள் 6 மணி நேரம்தான், உடலில் படும் கதிர்வீச்சும் குறைவு.

அப்புறம், முந்தின நாளே ஃபில்டர் காபி, டீ இரண்டையும் நிறுத்தச் சொல்வார்கள். அவற்றில் உள்ள காஃபின், இந்தச் சோதனையின்போது போடும் சில மருந்துகளின் வேலையைக் கெடுத்துவிடும். ஒரு மாதத்துக்குள் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுவதாக இருந்தால் மருத்துவமனைக் கடிதம் கையில் இருக்கட்டும். கதிர்வீச்சுக் கருவி அம்மாவைக் கண்டு ஒலி எழுப்பலாம்.