கருந்துளைத் தரவை விற்பவரிடம் சரக்கே இல்லை

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விண்மீன் மண்டலங்களின் நடுவில் உள்ள கருந்துளைகள் பொருளை எப்படி உள்ளிழுக்கின்றன என்று எக்ஸ் கதிர் தரவு கொண்டு ஆராய்வதுதான் புராஜெக்ட். வழிகாட்டும் பேராசிரியருக்கு இந்தத் துறை பழக்கமில்லை. 'நாசாவின் அசல் தரவு, ஆய்வேடு, இதழில் கட்டுரை' மூன்றுக்கும் சேர்த்து ஒரு மையம் 35,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள்.

1999இல் ஏவப்பட்ட சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன், 2012இன் நுஸ்டார், 2015இல் நம் இஸ்ரோ அனுப்பிய ஆஸ்ட்ரோசாட் என எக்ஸ் கதிர் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கிகள் எல்லாவற்றின் தரவும் இணையக் காப்பகங்களில் இலவசமாகக் கிடக்கிறது. நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் விண்மீன் மண்டலத்தின் பெயரைத் தட்டினால் போதும். பகுத்தாய்வுக்கான எக்ஸ்ஸ்பெக் மென்பொருளும் இலவசம்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தரகர்கள் பிடித்துக்கொள்வது அதைத்தான் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பித்து வென்ற குழுவுக்கு மட்டுமே அந்தத் தரவு வழக்கமாக ஓராண்டு வரை திறந்திருக்கும். பட்டியலில் பெயர் தெரியும், கோப்பு இறங்காது. 'பூட்டிய தரவை எங்களால் எடுத்துத் தர முடியும்' என்பார்கள். பூட்டியிருந்தால் அதை விற்க அவருக்கு உரிமை இல்லை. திறந்திருந்தால் வாங்க உங்களுக்கு அவசியம் இல்லை. உங்களுக்கோ புதிய தரவே வேண்டாம். பதினைந்து ஆண்டுப் பழைய தரவிலேயே ஒரு புராஜெக்டுக்கு மேல் வேலை இருக்கிறது.

அந்த வேலை என்ன? பொருள் கருந்துளைக்குள் நேராக விழுவதில்லை. தட்டாகச் சுழன்று, உராய்ந்து, சூடேறி, புற ஊதா ஒளியை உமிழ்கிறது. தட்டின் உட்பகுதியை ஒட்டி மிகச் சூடான எலெக்ட்ரான் மேகம் ஒன்று இருக்கிறது. அது அந்த ஒளியை எக்ஸ் கதிராக உயர்த்துகிறது. அதில் ஒரு பங்கு மீண்டும் தட்டில் பட்டுத் திரும்பும்போது, அங்குள்ள இரும்பு, ஆற்றல்வாரியாகப் பிரித்த கதிரில், அதாவது நிறமாலையில், 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு கோட்டைப் பதிக்கிறது. கருந்துளைக்கு அருகே ஈர்ப்பு அந்தக் கோட்டைக் குறைந்த ஆற்றல் பக்கம் இழுத்து அகலமாக்கிவிடும். எவ்வளவு இழுபட்டது என்று அளந்தால், தட்டு எவ்வளவு உள்ளே வரை நீள்கிறது என்று தெரியும். எம்சிஜி-6-30-15 என்ற மண்டலத்தில் இதை 1995இல் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் தரவிலிருந்து காட்டினார்கள்.

மினுக்கலும் பேசும். ஒரு மணி நேரத்தில் பிரகாசம் சட்டென்று மாறினால், கதிர் வரும் இடம் ஒளி ஒரு மணி நேரத்தில் கடக்கும் 108 கோடி கிலோமீட்டரைவிடப் பெரிதாக இருக்க வழியில்லை. சூரியனிலிருந்து சனிக்கோள் இதைவிடத் தூரம்.

காசு வாங்கும் மையங்கள் தருவது பெரும்பாலும் பெயர் மாற்றிய பழைய வரைபடம்தான். வாய்மொழித் தேர்வில் 'தரவை விளக்க ஏன் இந்தக் கணித மாதிரியை எடுத்தீர்கள்?' என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அகன்ற இரும்புக் கோடு போலத் தெரிவதை, குறுக்கே நின்று கதிரைப் பாதி மறைக்கும் வாயு மேகங்களும் உண்டாக்கக்கூடும். இரண்டு மாதிரியும் தரவுக்கு அழகாகப் பொருந்தும்! இதில் ஆண்டுக்கணக்காகச் சண்டை நடந்தது. 2013இல் நுஸ்டாரும் எக்ஸ்எம்எம்-நியூட்டனும் சேர்ந்து என்ஜிசி 1365 என்ற விண்மீன் மண்டலத்தைப் பார்த்த முடிவு, உயர் ஆற்றல் பகுதியை வைத்து ஈர்ப்பின் பக்கம் பேசியது. ஆகவே பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதி ஆய்வேட்டை முடித்துவிடாதீர்கள்.

இதழ் கட்டுரையையும் மறந்துவிடுங்கள். ஒரே பருவத்தில் மாணவரிடம் 'பன்னாட்டு வெளியீடு' கேட்கும் கல்லூரிகள்தான் இந்தக் கடைகளுக்கு வாடிக்கை பிடித்துத் தருகின்றன. பொதுப்பணத்தில் எடுத்த தரவு இலவசம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்ட எந்தத் துறைக்கும் நேரமில்லை. உங்கள் பேராசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

ஏற்கனவே பணம் கட்டியிருந்தால், அவர்கள் தந்த தரவின் பார்வை எண்ணை, அதாவது தொலைநோக்கியின் ஒவ்வொரு பார்வைக்கும் காப்பகம் தரும் அடையாள எண்ணைக் கேளுங்கள். எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்றால் பத்து இலக்கம். அதைக் காப்பகத்தில் இட்டுப் பாருங்கள். அதே கோப்பு வந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேட்கப் போங்கள்.