அலவன்ஸை நம்பி மச்சானின் கடனைச் சுமக்கலாமா?

கேள்வி: மெல்போர்னில் 482 விசாவில் (கம்பெனி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசா) ஐ.டி. வேலை, ஆண்டுச் சம்பளம் 1,05,000 டாலர். மனைவி, குழந்தையுடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். கம்பெனி ஒரு வருட ப்ராஜெக்டுக்கு பெர்த் அனுப்பி, தங்குவதற்கு வாரம் 500 டாலர் அலவன்ஸ் தருகிறது. அறையைப் பகிர்ந்து 200-ல் முடித்துக்கொண்டு மிச்சத்தை ஊருக்கு அனுப்புகிறேன். மச்சானின் லேத் பட்டறைக்காக ஒன்றரை வருடம் முன்பு என் பெயரில் எடுத்த 30 லட்சம் பர்சனல் லோனுக்கு (14%, 5 வருடம்) அது போகிறது. முதல் ஆறு மாதம் அவர் கட்டினார், அப்புறம் நான்தான். இப்போது பேரோலில் வாடகை ரசீதும் டிக்ளரேஷனும் கேட்கிறார்கள். 500-க்கு ரசீது எழுதித் தருவதாக நண்பர் சொல்கிறார். மச்சான் இன்னும் 5 லட்சம் கேட்கிறார். குடும்பத்தைச் சில மாதம் கோவைக்கு அனுப்பிவிட்டு மெல்போர்ன் வீட்டை உள்வாடகைக்கு விடலாமா? ஒரு ஏஜென்ட் யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) எடுக்கச் சொல்கிறார். ஊரில் என்.ஆர்.இ. எஃப்.டி.யில் (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வைப்பு நிதி) 9 லட்சம் இருக்கிறது.

பதில்: அந்த ரசீதை வாங்காதீர்கள். இந்த அலவன்ஸுக்கு வரி கட்டுவது நீங்கள் இல்லை, கம்பெனி. அதில் தங்குமிடத்துக்கு உண்மையில் செலவான தொகைக்கு மட்டும்தான் விலக்கு. வாரம் 300 மிச்சம் என்றால் வருடத்துக்கு 15,600 டாலர். ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் வரியில் (ஊழியருக்குத் தரும் சலுகைகளுக்குக் கம்பெனி கட்டும் வரி) அதைச் சுமார் 1.89 மடங்காக்கி 47% போடுவார்கள். ஏறக்குறைய 13,800 டாலர்! பேரோல் ஏன் நச்சரிக்கிறது என்று இப்போது புரியும். பொய் டிக்ளரேஷனில் மாட்டினால் அலவன்ஸோடு போகாது, உங்கள் ஸ்பான்சரும் அதே கம்பெனிதான். வேலை போனால் வேறு ஸ்பான்சர் தேட ஒரு முறைக்கு 180 நாள்தான் அவகாசம். 200-க்கே ரசீது கொடுங்கள். அலவன்ஸைக் குறைத்தால் குறைக்கட்டும்.

உள்வாடகை யோசனை இன்னும் மோசம். 2012 அக்டோபருக்கு முன், 482-க்கு முந்தைய 457 விசாவில் வந்த சீனியர்கள், வீடு இந்தியாவில் இருக்கிறது என்று சொல்லியே சம்பளத்தில் ஒரு பகுதியை வரியில்லாமல் வாங்கிய கதையைச் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது இந்த விலக்குக்கு ஆஸ்திரேலியாவிலேயே உங்களுக்கு வீடு இருக்க வேண்டும். வாடகை வீடானாலும் சரி, நீங்கள் எந்த நாள் திரும்பினாலும் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். விலக்கும் ஒரே வேலையிடத்துக்கு 12 மாதம்தான். வேறொருவரைக் குடிவைத்தால் அந்த 200-க்கான விலக்கும் போச்சு.

இப்போது கடன். வாரம் 300 என்பது மாதம் 1,300 டாலர், டாலருக்கு 58 ரூபாய் வைத்தால் 75,000. இ.எம்.ஐ. சுமார் 69,800. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தியதால் நிம்மதியாக இருந்துவிட்டீர்கள். ஒரு வருடத்தில் நிற்கப்போகும் பணத்தை வைத்து ஐந்து வருடக் கடன் அடைக்கும் இந்தப் பழக்கம்தான் உங்களை இழுத்துவிட்டிருக்கிறது.

பாக்கி இன்னும் சுமார் 23 லட்சம். எஃப்.டி.யில் 7% வட்டி வாங்கிக்கொண்டு கடனுக்கு 14% கட்டுவது என்ன கணக்கு? 7 லட்சத்தை எடுத்துக் கடனில் போடுங்கள். 2 லட்சம் டிக்கெட்டுக்கும் அவசரத்துக்கும் இருக்கட்டும். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எவ்வளவு என்று வங்கியில் கேட்டுவிட்டு, மாதத் தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள். 48,500 வாக்கில் வரும், அதாவது 840 டாலர். உங்கள் சம்பளத்திலேயே கட்டலாம்.

5 லட்சம்? இல்லை என்று சொல்லுங்கள். மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை பிணையில்லாமல் கடன் உண்டு, மச்சான் அவர் பெயரில் கேட்கட்டும். வங்கி பட்டறையின் வரவு செலவைப் பார்க்கும். அதைக் காட்டத் தயங்குகிறார் என்றால் நீங்களும் கொடுக்காதீர்கள். பழைய கடனுக்கும் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை அவரிடமிருந்து வந்தாக வேண்டும், பத்தாயிரமாவது. தவணையை நிறுத்தியதை அவரே உங்களிடம் சொன்னாரா, வங்கி போன் செய்துதான் தெரிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் மனைவியிடம் முதலில் நீங்களே பேசுங்கள், மச்சான் வழியாகப் போக வேண்டாம்.

யூலிப் ஏஜென்ட்டின் போனை எடுக்காதீர்கள். 14% கடன் கழுத்தில் இருக்கும்போது ஐந்து வருடம் பூட்டிவைக்கும் திட்டம் எதற்கு?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குடும்பத்தில் யாரும் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கேட்டு, மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டத்துக்குத் தகுதி பெறவில்லை என்றால், 2% மெடிகேர் வரியிலிருந்து விலக்குக் கேட்கலாம். உங்கள் சம்பளத்துக்கு அது 2,100 டாலர், ரூபாயில் 1.2 லட்சம். சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்ற அரசுத் துறையிடம் மெடிகேர் தகுதிச் சான்று வாங்க வேண்டும். ஜூன் 30 முடிந்ததும் விண்ணப்பித்துவிட்டு, சான்று கைக்கு வந்தபின் ரிட்டர்ன் போடுங்கள்.