50 கேபிக்குள் ஒரு முகம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போட்டோவின் சைஸைக் குறைப்பது பற்றித்தான். விண்ணப்பம் போடும் சீசன் போலிருக்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஐபிபிஎஸ் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். போனில் எடுத்த என் படம் 4.5 எம்பி. ஒரு ஆப்பில் போட்டு 48 கேபிக்குக் கொண்டுவந்துவிட்டேன், ஆனால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக, திட்டுத் திட்டாகத் தெரிகிறது. ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டுமா? (வாசகி, விழுப்புரம்)

வேண்டாம். உங்கள் படம் அனேகமாக 4000-க்கு 3000 பிக்சல் இருக்கும், அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல். அந்த ஆப் பிக்சலில் கை வைக்காமல் தரத்தை மட்டும் போட்டு அமுக்கியிருக்கிறது. 48 கேபியை அத்தனை பிக்சலுக்கும் பங்கு போட்டால் ஏறக்குறைய 240 பிக்சலுக்கு ஒரே ஒரு பைட்தான் கிடைக்கும். அதில் கண் எது மூக்கு எது என்று தெரிந்ததே பெரிய விஷயம்.

இப்போது அறிவிப்பை இன்னொரு தடவை பாருங்கள். 200-க்கு 230 பிக்சல் என்று அளவும் போட்டிருப்பார்கள், எல்லோரும் கேபியை மட்டும் பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த அளவுக்கு மொத்தமே 46,000 பிக்சல். 50 கேபி என்பது 51,200 பைட். ஒரு பிக்சலுக்கு ஒரு பைட்டுக்கு மேலேயே வருகிறது, போட்டோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (.jpg) முறைக்கு இது ராஜபோகம்.

அதனால் முதலில் தலையும் தோளும் மட்டும் இருக்கும்படி வெட்டுங்கள், அகலத்துக்கும் உயரத்துக்கும் 200:230 என்ற விகிதம் மாறாமல். அப்புறம் ரீசைஸ் போய் 200, 230 என்று கொடுங்கள். தரத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும், பெரும்பாலும் தொடவே தேவைப்படாது. விண்டோஸ் பெயிண்டில் வெட்டலாம், ரீசைஸ் செய்யலாம், ஆனால் தரத்தைக் கூட்டிக் குறைக்க வழி இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்ற மென்பொருளில் அதற்கு ஒரு ஸ்லைடர் உண்டு, முன்னோட்டத்தை டிக் செய்தால் ஃபைல் எத்தனை கேபி வரும் என்பதைச் சேமிப்பதற்கு முன்பே காட்டிவிடும். 49.9 கேபி என்று விளிம்பில் நிறுத்தாதீர்கள், சில இடங்களில் 1000 பைட்டை ஒரு கேபி என்று எண்ணுவார்கள், சில இடங்களில் 1024. 45 பக்கம் இருந்தால் வம்பில்லை.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அதே வங்கித் தேர்வுக்குக் கையெழுத்துப் படத்தை அவர்கள் சொன்ன 140-க்கு 60 பிக்சலுக்குக் குறைத்தேன், 6 கேபிதான் வருகிறது. 10 முதல் 20 கேபி கேட்கிறது. (வாசகர், தென்காசி)

இது நிறையப் பேருக்கு வருகிறது. வெள்ளைத் தாளில் நாலு கறுப்புக் கோடு, அதில் எடை ஏறுவதற்கு ஒன்றுமில்லை. தரத்தை 100-க்கு ஏற்றிப் பாருங்கள். அப்போதும் போதவில்லை என்றால் 280-க்கு 120 என்று இரண்டு மடங்காக்குங்கள். 140-க்கு 60 என்பதை விரும்பத்தக்க அளவு என்றுதான் அறிவிப்பில் குறிப்பிடுகிறார்கள், விகிதம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். பெரிதாக்கும்போது மூலப் படத்திலிருந்து திரும்ப எடுங்கள், குறைத்த 6 கேபி படத்தையே இழுத்துப் பெரிதாக்கினால் கோடு மங்கிப்போகும்.

டியூப்லைட் வெளிச்சத்தில், கை நிழல் தாளில் விழ எடுத்த கையெழுத்துப் படம் இதைவிட எடை கூடியே வரும். அந்தப் பழுப்பு நிழலில் இருக்கும் பொடிப் புள்ளிகளையெல்லாம் ஜேபெக் விவரம் என்று நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து பதிவு செய்யும். ராத்திரியில் எடுத்த படங்கள் எடை கூடுவதற்கும் இதுவே காரணம். பகலில் ஜன்னல் ஓரமாகத் தாளை வைத்து எடுங்கள். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட வேண்டாம், ஏற்க மாட்டோம் என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது.

கேள்வி: சைஸைக் குறைக்கும்போது படத்திலிருந்து உண்மையில் எதை எடுத்துவிடுகிறார்கள்? மாணவர்கள் கேட்கிறார்கள், சொல்லத் தெரியவில்லை. (ஆசிரியர், பெரம்பலூர்)

நல்ல கேள்வி சார். நம் கண்ணுக்கு வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் துல்லியமாகத் தெரியும், நிறத்தின் ஏற்ற இறக்கம் அவ்வளவாகத் தெரியாது. ஜேபெக் முதலில் இந்தப் பலவீனத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, நிறத்தைப் பெரும்பாலும் நாலு பிக்சலுக்கு ஒன்று என்று குறைத்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அடுத்து படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் சாயல் எவ்வளவு, படபடவென்று மாறும் நுணுக்கம் எவ்வளவு என்று கணக்குப் போடும். நுணுக்கம் சம்பந்தப்பட்ட எண்களைத் தாராளமாக வகுத்து முழு எண்ணாக்கும்போது பல எண்கள் பூஜ்யமாகிவிடும், வரிசையாக வரும் பூஜ்யங்களை எழுத இடமே தேவையில்லை. தரம் 90, தரம் 30 என்பதெல்லாம் இந்த வகுத்தல் எவ்வளவு முரட்டுத்தனமாக நடக்கிறது என்பதன் கணக்கு. மேலே விழுப்புரம் வாசகி பார்த்த கட்டங்கள் இந்த எட்டுக்கு எட்டுதான், வகுத்தல் ரொம்ப முரடாகிவிட்டால் வெளியே தெரிந்துவிடும்.

சாயலையும் நுணுக்கத்தையும் பிரிக்கும் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1972-இல் இந்த யோசனையோடு தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார், கொடுக்கவில்லை. ரொம்ப எளிதாக இருக்கிறது என்று மதிப்பிட்டவர்களில் ஒருவர் கருதினாராம்! அகமதும் அவரிடம் ஆய்வு செய்த டி. நடராஜனும் கே. ஆர். ராவும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974-இல் வெளிவந்தது. ஜேபெக் தரநிலை வந்தது 1992-இல். இன்று உலகத்தில் யார் போனைத் திறந்தாலும் அந்தக் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: கல்யாணப் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கி ஆல்பம் போடக் கொடுத்தேன், பிரிண்ட் மங்கலாக வந்திருக்கிறது. பழைய தரத்துக்குத் திருப்ப முடியுமா? (வாசகர், காரைக்குடி)

முடியாது. பூஜ்யமாகிப்போன எண்கள் திரும்ப வராது. ஏஐ ஆப்கள் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும், அது இமையையும் மீசையையும் தானாக வரைந்துகொள்வது, பாட்டி முகம் வேறு யாரோ முகமாகிவிடும். நல்ல பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு. 12-க்கு 18 ஆல்பம் தாள் என்றால் 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், அதில் அஞ்சு அங்குலம் சொச்சம்தான் நன்றாக வரும். படம் எடுத்தவரிடம் மூல ஃபைல்கள் இன்னும் இருக்கும், இன்றே கேளுங்கள், பென் டிரைவில் வாங்குங்கள். வாட்ஸ்அப்தான் வசதி என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி அனுப்பினால் அதன் தரத்தில் கை வைக்காது.

கேள்வி: போன் மெமரி நிறைந்துவிட்டது. எல்லாப் படத்தையும் கம்ப்ரஸ் செய்துவிடலாமா? (வாசகி, ஆவடி)

செய்யாதீர்கள். முதலில் வீடியோக்களைப் பாருங்கள். ஐபோனில் 4கே வீடியோ ஒரு நிமிடம், அதுவும் சிக்கனமான முறையில் எடுத்தாலே, சுமார் 170 எம்பி. பேரன் சைக்கிள் ஓட்டியதை மூன்று நிமிடம் எடுத்திருந்தால் அது ஒன்றே நூற்றுக்கு மேற்பட்ட போட்டோக்களின் இடம். அப்புறம் குடும்ப குரூப்பில் வந்த காலை வணக்கங்கள். இந்த இரண்டையும் கழித்துவிட்டாலே போன் மூச்சுவிடும். போட்டோவைக் கம்ப்யூட்டருக்கோ ஹார்ட் டிஸ்க்குக்கோ மாற்றிவையுங்கள், மூலத்தை மட்டும் குறைக்காதீர்கள். குறைப்பதெல்லாம் நகலில்தான்.

கேள்வி: இலவச வெப்சைட்டில் ஆதார் படத்தை ஏற்றிக் குறைக்கலாமா? (வாசகர், ஈரோடு)

எனக்கு மனசு ஒப்பாது. ஏற்றிய படம் யாரோ ஒருவர் சர்வருக்குப் போகிறது, ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்பது அவர்கள் வாய்வார்த்தை. ஸ்குவூஷ் (Squoosh) என்று ஒரு வெப்சைட் இருக்கிறது, அது பிரவுசருக்குள்ளேயே வேலை செய்யும், படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. பிரவுசிங் சென்டரில் செய்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

கேள்வி: ஜிப் செய்தால் குறையுமா? (வாசகர், ராமநாதபுரம்)

ஜேபெக் ஏற்கெனவே பிழிந்தெடுத்தது, ஜிப்புக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. நாற்பது படத்தை ஒரே ஃபைலாகக் கட்டி அனுப்ப மட்டும் உதவும், அதுவும் ஜிமெயிலில் 25 எம்பி வரைக்கும்தான்.